கல்லைத் திறந்து பார்த்த மருந்துக்கடைக்காரர்

தீபாவளி இரவு. வானத்தில் ஒரு வெடி ஏறுகிறது. உச்சிக்குப் போய்ப் படீரென்று விரிகிறது. பச்சைப் பச்சையாய்ப் பூக்கள் கொட்டுகின்றன. குழந்தைகள் கைதட்டுகிறார்கள்.

அந்தப் பச்சை எங்கிருந்து வந்தது?

சிவகாசியில் கேட்டால் உடனே சொல்லுவார்கள், பச்சை உப்பு என்று. பார்க்க அது வெள்ளையாகத்தான் இருக்கும். எரிந்தால் பச்சை. படித்தவர்கள் அதைப் பேரியம் நைட்ரேட் என்பார்கள். நெடுங்காலம் சிவகாசிப் பட்டாசு ஆலைகளில் மூட்டை மூட்டையாக இறங்கிய சரக்கு அது. 2018-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு அதற்குத் தடை போட்டது. ஏன் தடை என்பது பின்னால் வரும்.

அந்த உப்புக்குள் இருக்கும் பேரிய மண்ணை உலகத்தில் முதன்முதலாக இனம் கண்டுகொண்டவர் ஒரு மருந்துக்கடைச் சிப்பந்தி! கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்றவர் அல்ல. மருந்து இடித்துக்கொண்டே ரசாயனம் படித்தவர்.

அவர் பெயர் கார்ல் வில்ஹெல்ம் ஷீலே. பச்சை உப்பு மட்டுமல்ல. தீக்குச்சித் தொழிலைப் பிறப்பித்த பாஸ்பரஸ், வெடிமருந்துகளில் சேரும் குளோரின், எதையும் எரிய வைக்கும் பிராணவாயு, எல்லாம் அவர் கைப்பட்டவை. சிவகாசி என்ற ஊர் இருப்பதே அவருக்குத் தெரியாது. ஆனால் சிவகாசியின் மருந்து அறைகளுக்கும் அவருடைய சின்னஞ்சிறு கடைக்கும் ஒரு நூல் ஓடுகிறது.

ஏழாவது பிள்ளை

ஷீலே பிறந்தது 1742-ம் ஆண்டு டிசம்பர் 9-ந் தேதி. ஊர் ஸ்டிரால்சுண்ட். அந்த ஊர் இப்போது ஜெர்மனியில் இருக்கிறது. அப்போது சுவீடன் ராஜாவின் ஆட்சியில் இருந்தது.

வீட்டில் பதினொரு பிள்ளைகள். ஷீலே ஏழாவது. தகப்பனார் வியாபாரி. தொழில் நொடித்துப் போய்விட்டது. எல்லாப் பிள்ளைகளையும் படிக்க வைக்க வழி இல்லை. ஆகவே பதினான்காவது வயதில், 1757-ம் ஆண்டில், பையனைக் கடல் தாண்டிக் கோதன்பர்க் நகரத்துக்கு அனுப்பினார்கள். அங்கே பாவ்க் என்பவருடைய மருந்துக்கடையில் வேலை.

அந்தக் காலத்து மருந்துக்கடை என்றால் இன்றைய மாத்திரைக் கடை அல்ல. நம் ஊர் நாட்டு மருந்துக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். வேர், பட்டை, விதை ஒரு பக்கம். கந்தகம், துருசு, பாஷாணம், பாதரசம் இன்னொரு பக்கம். இடிக்கவேண்டும், அரைக்கவேண்டும், காய்ச்சவேண்டும், வடிக்கவேண்டும்.

மற்றப் பையன்கள் வேலை முடிந்ததும் தூங்கினார்கள். ஷீலே விளக்கை ஏற்றினான். கடையில் இருந்த ரசாயனப் புத்தகங்களை எடுத்தான். ஒரு பக்கம் படிப்பான். படித்ததை உடனே செய்து பார்ப்பான். புத்தகம் சொன்னது தவறாக இருந்தால் விடமாட்டான், மறுபடி செய்வான். இப்படி எட்டு வருஷம்!

அதற்குப் பிறகு மால்மோ, ஸ்டாக்ஹோம், உப்சாலா என்று ஊர் ஊராக மருந்துக்கடைகளில் வேலை பார்த்தார். சம்பளம் கொஞ்சம். அதிலும் பாதி புத்தகத்துக்கும் சரக்குக்கும் போயிற்று.

வெடியுப்பு தந்த நட்பு

உப்சாலா பெரிய சர்வகலாசாலை ஊர். அங்கே பெர்க்மன் என்ற ரசாயனப் பேராசிரியர் இருந்தார். ஐரோப்பா முழுவதும் அவருக்குப் பெயர். மருந்துக்கடைச் சிப்பந்திக்கும் அவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

அந்தத் தூரத்தைக் குறைத்தது எது தெரியுமா? வெடியுப்பு!

வெடியுப்பைச் சூடாக்கி உருக்கினார்கள். ஆறியபின் அதில் காடியை ஊற்றினார்கள். சிவப்பாகப் புகை வந்தது. உருக்காத வெடியுப்பில் ஊற்றினால் அந்தப் புகை வருவதில்லை. ஏன்? பெர்க்மனுக்கும் விடை தெரியவில்லை. அவருடைய சீடர் கான் என்பவர் மருந்துக்கடைக்கு வந்தபோது ஷீலே வெகு சாதாரணமாகக் காரணத்தைச் சொன்னார். உருக்கும்போது வெடியுப்பு தன்னிடமுள்ள காற்றில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வேறு உப்பாக மாறிவிடுகிறது என்பது விஷயம். கான் அசந்து போனார். அன்று முதல் கானும் ஷீலேயும் உயிர்த் தோழர்கள். பேராசிரியர் பெர்க்மனும் சிப்பந்தியைத் தேடி வந்தார்.

எலும்பிலிருந்து நெருப்பு

பாஸ்பரஸை அதற்கு நூறு வருஷத்துக்கு முன்பே, 1669-ல், ஹாம்பர்க் நகரத்துப் பிராண்ட் என்பவர் கண்டுபிடித்திருந்தார். அவர் அதை எடுத்தது சிறுநீரிலிருந்து. பீப்பாய் பீப்பாயாகக் காய்ச்சினால் ஒரு துளி கிடைக்கும். தங்கத்தைவிட விலை.

எலும்பிலும் பாஸ்பரஸ் இருக்கிறது என்று கான் கண்டார். எலும்புச் சாம்பலிலிருந்து அதைப் பிரிக்கும் வழியை ஷீலே கண்டார். கசாப்புக்கடைக் குப்பை பாஸ்பரஸ் ஆயிற்று! விலை இறங்கிற்று. பின்னால் தீக்குச்சி என்று ஒன்று வந்ததே, அதற்கு வழிவிட்டது இந்த எலும்புச் சாம்பல்தான்.

ஆனால் வெள்ளைப் பாஸ்பரஸ் கொடிய விஷம். 1830-களில் அதைத் தோய்த்துத் தீக்குச்சி செய்யத் தொடங்கினார்கள். வேலை செய்த ஏழைப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் தாடை எலும்பு அழுகிற்று. 1844-ல் சுவீடன் தேசத்துப் பாஷ் என்பவர் சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கத்தில் பூசி, குச்சியிலிருந்து விலக்கினார். இன்று நாம் உரசும் பெட்டி அதன் வாரிசுதான். இருந்தாலும் பழைய விஷக் குச்சி உடனே ஒழிந்துவிடவில்லை. 1906-ல் பல தேசங்கள் கூடி அதை விலக்க ஒப்பந்தம் செய்தன. இந்தியாவில் 1913-ல் சட்டம் வந்தது.

சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுவரக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறியது 1922-ல். அதற்கு ஒன்பது வருஷம் முன்பே வெள்ளைப் பாஸ்பரஸ் சட்டத்தால் வெளியே தள்ளப்பட்டிருந்தது. கரிசல் காட்டுப் பெண்கள் கட்டை அடுக்கினார்கள், பெட்டி ஒட்டினார்கள். தாடை அழுகும் நோய் மட்டும் அவர்களைத் தேடி வரவில்லை. எத்தனையோ கஷ்டங்கள் பட்ட அந்த ஜனங்களுக்கு இந்த ஒரு கஷ்டம் மிச்சம்.

ஒரு கறுப்புக் கல்

இப்போது முக்கியமான கட்டத்துக்கு வருகிறோம்.

சுவீடனில் ஒரு கறுப்புக் கல் கிடைத்தது. கண்ணாடி செய்கிறவர்கள் அதைப் பயன்படுத்தினார்கள். அதில் என்ன இருக்கிறது என்பது ஒருவருக்கும் தெரியாது. பெர்க்மன் அந்தக் கல்லை ஷீலேயிடம் கொடுத்தார்.

மூன்று வருஷம்! ஒரே கல்லை வைத்துக்கொண்டு மூன்று வருஷம் மல்லுக்கு நின்றார் ஷீலே. அமிலத்தில் போட்டார். நெருப்பில் போட்டார். கரியோடு சேர்த்தார். 1774-ல் அவர் எழுதிய கட்டுரை ரசாயன உலகத்தைப் புரட்டிப்போட்டது.

கல்லில் புதிய உலோகம் ஒன்று இருக்கிறது என்றார். அதுதான் மாங்கனீஸ். அதே வருஷத்தில் கான் அந்த உலோகத்தைப் பிரித்துக் காட்டிவிட்டார். கல்லை உப்பு அமிலத்தில் போட்டுச் சுட வைத்தபோது மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு வாயு கிளம்பிற்று. மூச்சை அடைத்தது. இலையும் பூவும் வெளுத்தன. பூச்சிகள் செத்து விழுந்தன. அதுதான் குளோரின். மூக்கருகே வைத்து முகர்ந்தே அதன் குணத்தை எழுதினார் மனிதர்!

மூன்றாவதுதான் நம் கதை. கறுப்புக் கல்லுக்குள் வேறு ஒரு வெள்ளை மண் கொஞ்சம் ஒளிந்திருந்தது. கந்தக அமிலத்தை விட்டால் அது உடனே வெள்ளைப் பொடியாகக் கீழே இறங்கிவிடும். அந்தப் பொடி தண்ணீரிலும் கரையாது, அமிலத்திலும் கரையாது. இதுவரை யாரும் அறியாத மண் இது என்று ஷீலே கண்டுகொண்டார். கையில் எடுத்தால் கனக்கும் ஒருவகை வெள்ளைக் கல் உண்டு. அதிலும் இருப்பது இதே மண்தான் என்று தெரிந்தது. அந்த மண்ணுக்குள்ளிருக்கும் பேரியம் என்ற உலோகத்தை 1808-ல் இங்கிலாந்து விஞ்ஞானி டேவி மின்சாரம் பாய்ச்சிப் பிரித்தார்.

பூட்டிய கல், திறந்த கல்

கனக்கும் அந்த வெள்ளைக் கல்லுக்குப் பாரைட் என்று பெயர். தண்ணீரைப்போல் நாலரை மடங்கு கனம். திருப்பதியிலிருந்து கடப்பைக்குப் போகும் வழியில் மங்கம்பேட்டை என்ற இடம் இருக்கிறது. உலகத்திலேயே பெரிய பாரைட் படிவங்களில் ஒன்று அங்கேதான் கிடக்கிறது.

இந்தக் கல்லில் ஒரு வேடிக்கை. பேரியம் விஷம். ஆனால் கல் விஷம் அல்ல! கந்தகத்தோடும் பிராணவாயுவோடும் சேர்ந்து பேரியம் அந்தக் கல்லுக்குள் பூட்டிக் கிடக்கிறது. வயிற்றுவலிக்காரருக்கு எக்ஸ்ரே எடுக்குமுன் ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கஞ்சிபோல் ஒன்று குடிக்கக் கொடுப்பார்களே, அது சுத்தம் செய்த இதே பொருள்தான். வயிற்றில் கரையாது. வந்த வழியே வெளியே போய்விடும்.

பூட்டைத் திறந்தால்தான் ஆபத்து. கரையும் பேரிய உப்பு வயிற்றுக்குள் போனால் வாந்தி வரும், பேதியாகும், கை கால் துவளும், இருதயத் துடிப்பு தடுமாறும். பேரியம் கார்பனேட் எலி பாஷாணமாக விற்ற சரக்கு.

பட்டாசுக்கு வேண்டியது பூட்டிய கல் அல்ல, திறந்த உப்பு. எப்படித் திறக்கிறார்கள்?

கல்லைப் பொடியாக்குகிறார்கள். கரித்தூள் கலந்து சூளையில் ஆயிரம் டிகிரிக்கு மேல் வாட்டுகிறார்கள். கரி கல்லிலுள்ள பிராணவாயுவைப் பிடுங்கிக்கொள்கிறது. கறுப்புச் சாம்பல் கிடைக்கிறது. அதைத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, நைட்ரிக் அமிலம் சேர்த்தால் பேரியம் நைட்ரேட். அமிலம் சேரும்போது அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு கிளம்பும். அது அளவு மீறினால் ஆளைக் கொல்லும். அதைப் பிடித்து அடக்காத ஆலை அக்கம்பக்கத்தாருக்கு எமன்.

வடிகட்டிய பிறகு என்ன மிஞ்சும்? கறுப்புச் சேறு. வேகாத கல், கரி, மணல், அதோடு கொஞ்சம் கரையும் பேரியமும். அந்தச் சேற்றைத் திறந்த வெளியில் கொட்டினால் மழை அதைக் கழுவி மண்ணுக்குள் இறக்கும். கல்லாக மலையில் லட்சக்கணக்கான வருஷம் சும்மா கிடந்த ஒன்று, ஒரே மழைக்காலத்தில் கிணற்றுக்கு வந்துவிடும்! நம் நாட்டுக் குடிதண்ணீர் விதிப்படி ஒரு லிட்டரில் 0.7 மில்லிகிராமுக்கு மேல் பேரியம் கூடாது. ஒரு சிட்டிகைக்கும் எவ்வளவோ குறைவு.

பட்டாசு ஆலையில் அந்த உப்பு மூட்டை பிரிக்கும்போது தூசி பறக்கிறது. கலவை அறையைக் கழுவினால் தண்ணீரோடு போகிறது. கழித்த பட்டாசைக் குழியில் போட்டு எரித்தால் சாம்பலில் தங்குகிறது. எரிக்கும்போதே வெடித்து உயிர்கள் போனதும் விருதுநகர் மாவட்டத்தில் நடந்ததுண்டு. வெடிக்கு இரையாகாத மிச்சம் தீபாவளிப் புகையாகி எல்லோர் மூக்கிலும் ஏறுகிறது. இதையெல்லாம் பார்த்துத்தான் 2018 அக்டோபர் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு பேரிய உப்புகளைப் பட்டாசில் சேர்க்கக்கூடாது என்றது. 2021-ல் மீண்டும் வலியுறுத்திற்று. 2023-ல் உற்பத்தியாளர்கள் விலக்குக் கேட்டபோதும் மறுத்துவிட்டது. நாக்பூரிலுள்ள நீரி என்ற மத்திய ஆராய்ச்சி நிலையம் புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கு வழி சொல்லிக் கொடுத்தது.

தடை வந்ததும் சிவகாசியில் அடுப்பு எரியாத வீடுகளும் உண்டு. மழை பொய்த்த பூமியில் ஜனங்களுக்குச் சோறு போட்டது பட்டாசு. அதை மறந்துவிட்டு நகரத்தில் உட்கார்ந்து நியாயம் பேசுவது சுலபம். ஆனால் அந்தத் தூசியை முதலில் சுவாசிக்கிறவர்களும் அதே வீட்டு ஆட்கள்தானே!

திறந்த கல்லை மறுபடி பூட்ட முடியாதா? முடியும். வழி ஷீலேயின் கட்டுரையிலேயே இருக்கிறது. கந்தக அமிலம் விட்டதும் பேரியம் வெள்ளைப் பொடியாக இறங்கிற்றே, அதுவேதான். கழிவுத் தண்ணீரைத் தொட்டியில் தேக்கி, சோடியம் சல்பேட் என்ற மலிவான உப்பைக் கலக்கினால், பேரியம் மீண்டும் கரையாத பொடியாகிக் கீழே படியும். தெளிந்த நீரைச் சோதித்து வெளியே விடலாம். படிந்த வண்டலை, நீர் கசியாமல் விரிப்புப் போட்ட குழியில் புதைக்கலாம். பேரிய விஷம் தின்றவருக்கு டாக்டர்கள் பேதி உப்பு கொடுப்பதும் இதே காரணத்தால்தான்; அதிலும் சல்பேட் இருக்கிறது.

சிவப்பு வீடுகள்

ஷீலேயின் நண்பர் கானுக்குச் சொந்தமான ஊர் போல் ஆனது ஃபாலுன். அங்கே பெரிய தாமிரச் சுரங்கம். ஒரு காலத்தில் ஐரோப்பாவின் தாமிரத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போயிற்று. தாமிரக் கல்லைக் குவியலாகக் குவித்து, விறகு அடுக்கி, வாரக்கணக்கில் எரிப்பார்கள். கந்தகப் புகை ஊரை மூடும். சுற்றிலும் புல் பூண்டு முளைக்காது.

கழிவுக் குவியல்களோ மலை மலையாய் ஏறின. அந்தக் கழிவில் ஒரு பகுதி காற்றும் மழையும் பட்டுத் துருவேறிச் சிவந்தது. ஜனங்கள் அதை எடுத்துக் கழுவி, காயவைத்து, சுட்டு, அரைத்து வர்ணமாக்கினார்கள். மர வீடுகளுக்குப் பூசினார்கள். சுவீடன் கிராமங்களின் படத்தைப் பார்த்தால் எல்லா வீடும் சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பு, சுரங்கக் குப்பை! கானும் இந்த வர்ணத் தொழிலிலும் கந்தக அமிலத் தொழிலிலும் ஈடுபட்டார். குப்பை முழுவதும் வர்ணமாகிவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1992-ல் அந்தச் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் பழைய குவியல்களிலிருந்து உலோகம் கரைந்து வரும் தண்ணீரைக் கட்டுப்படுத்தும் வேலை தொடர்ந்தது.

குளோரின் செய்த கூத்து

ஷீலே கண்ட குளோரினைப் பிரான்சு தேசத்துப் பெர்தொலே எடுத்துக்கொண்டார். துணி வெளுக்கலாம் என்று காட்டினார். பிறகு அதிலிருந்து பொட்டாசியம் குளோரேட் என்ற உப்பைச் செய்தார். வெடியுப்புக்குப் பதில் இதைப் போட்டால் வெடிமருந்து இன்னும் வேகமாக இருக்குமே என்று நினைத்தார்.

1788-ம் ஆண்டு அக்டோபர் 27-ந் தேதி எஸ்ஸோன் வெடிமருந்து ஆலையில் அதைச் செய்து பார்த்தார்கள். வேடிக்கை பார்க்கப் பெரிய மனிதர்கள் கூடியிருந்தார்கள். மருந்தை இடித்துக்கொண்டிருக்கும்போதே வெடித்தது. இரண்டு பேர் அங்கேயே மாண்டார்கள். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் லேசான உராய்வு போதும் என்பதை உலகம் இப்படித்தான் கற்றது.

இந்தியாவில் பட்டாசில் அவ்விரண்டையும் சேர்க்கக்கூடாது என்று மத்திய சர்க்கார் 1992-ல் தடை விதித்தது. ஆனாலும் மருந்து அறை விபத்துகள் ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5-ந் தேதி சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த பெரும் விபத்தில் சுமார் 40 பேர் மாண்டார்கள்.

குளோரினுக்கு இன்னொரு வாரிசு உண்டு. பெர்குளோரேட் என்று பெயர். அதுவும் பட்டாசு மருந்துதான். சிவகாசிப் பகுதியில் பட்டாசு ஆலைகளை ஒட்டிய நிலத்தடித் தண்ணீரில் அது கலந்திருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டு 2013-ல் வெளியிட்டார்கள். அது கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி அயோடினை எடுத்துக்கொள்ளாதபடி தடுக்கும். கர்ப்பிணிகளுக்கும் பச்சைக் குழந்தைகளுக்கும் அது கெடுதல்.

பேரியத்தைப் பூட்டியதுபோல் இதைப் பூட்ட முடியாது. எந்த உப்பைப் போட்டாலும் தண்ணீரிலிருந்து எளிதில் கீழே இறங்காது. காய்ச்சினாலும் போகாது. பிராணவாயு படாத தொட்டியில் சில கிருமிகளை வளர்த்து, அவற்றுக்கு இரை போட்டு, அவை தின்று தீர்க்கும்படி செய்யலாம். செலவும் பக்குவமும் வேண்டிய வேலை. ஆகையால் இந்த மருந்தைத் தண்ணீரில் சேரவிடாமல் முதலிலேயே உலர்ந்த கழிவாகப் பிரித்து வைப்பதுதான் மலிவு. கரிசல் பூமியில் ஊறும் கிணறு எத்தனை?

விஷப் பச்சை

1775-ம் ஆண்டு பிப்ரவரியில் சுவீடன் விஞ்ஞானக் கழகம் ஷீலேயை அங்கத்தினராகத் தேர்ந்தெடுத்தது. மருந்துக்கடைச் சிப்பந்தி ஒருவர் பேராசிரியர்களுக்குச் சமமாக உட்கார்ந்தார்! உட்கார்ந்தார் என்பதுகூடப் பேச்சுக்குத்தான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் கூட்டத்துக்குப் போனார்.

அதே ஆண்டில் அவர் ஒரு பச்சை வர்ணம் செய்தார். இது பட்டாசுப் பச்சை அல்ல, பூசும் பச்சை. தாமிரத்தையும் பாஷாணத்தையும் சேர்த்துச் செய்தது. கண்ணைப் பறிக்கும் பசுமை. விலையோ மலிவு. ஐரோப்பா அதன்மேல் விழுந்தது. சுவர்க் காகிதம், துணி, விளையாட்டுப் பொம்மை, மிட்டாய் வரை அந்தப் பச்சை!

அதில் பாஷாணம் இருக்கிறது, வாங்குகிறவர்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்ற கவலை ஷீலேக்கு இருந்தது. 1777-ல் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் அந்தக் கவலையை எழுதினார். வியாபாரிகளுக்கு அது எதற்கு? அடுத்த நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு அந்தப் பச்சைக் காகிதம் ஒட்டினார்கள். ஈரம் பட்ட சுவரில் பூஞ்சணம் பூத்தது. பூஞ்சணம் பாஷாணத்தை வாயுவாக்கி அறைக்குள் விட்டது. நெப்போலியன் சிறையிருந்த செயிண்ட் ஹெலினாத் தீவு வீட்டுச் சுவர்க் காகிதத்திலும் பாஷாணம் இருந்தது. அவர் அதனால்தான் மாண்டார் என்று ஒரு வதந்தி கூட உண்டு. வயிற்றுப் புற்றுநோய் என்பதே டாக்டர்கள் பலருடைய முடிவு.

விதவையின் கடை

1775-ல் ஷீலே கோப்பிங் என்ற சிற்றூருக்குப் போனார். அங்கே மருந்துக்கடைக்காரர் இறந்துவிட்டிருந்தார். அவருடைய இளம் மனைவி சாரா மார்கரெத்தா கடையை நடத்த ஆள் தேடினார். ஷீலே பொறுப்பேற்றார். கடையை விலைக்கு வாங்க வேறொருவர் போட்டியாக வந்தபோது, ஊர் ஜனங்கள் ஷீலேதான் வேண்டும் என்று நின்றார்கள். கடை அவருக்கே கிடைத்தது.

கடையில் பழைய கடன் இருந்தது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். பெர்லினிலிருந்து பெரிய உத்தியோகத்துக்கு அழைப்பு வந்தது. போகவில்லை. விஞ்ஞானக் கழகம் வருஷத்துக்கு 100 ரிக்ஸ்டாலர் உதவித்தொகை கொடுத்தது. அதில் பெரும்பகுதி ஆராய்ச்சிக்கே போயிற்று. ஆரம்பத்தில் ஆராய்ச்சிச்சாலை என்பது குளிர் புகும் ஒரு கொட்டகைதான். சுவீடன் குளிர் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியாது, நல்லதாயிற்று.

பிராணவாயுவை அவர் 1772-க்குள்ளேயே கண்டுவிட்டார். ஆனால் அவர் புத்தகம் அச்சாகி வெளிவர 1777 ஆகிவிட்டது. அதற்குள் இங்கிலாந்தில் பிரீஸ்ட்லி அதே வாயுவைக் கண்டு உலகத்துக்குச் சொல்லிவிட்டார். அச்சுக்காரர் தாமதம் ஒரு மனிதனுடைய புகழில் பாதியைத் தின்றுவிட்டது! ஷீலே சண்டைக்குப் போகவில்லை. அடுத்த கல்லை எடுத்துக்கொண்டார்.

நாக்கு என்ற கருவி

அந்தக் காலத்தில் ரசாயனக்காரர்களுக்குக் கருவிகள் குறைவு. கண், மூக்கு, நாக்கு, இவைதான் கருவி. புதிய பொருள் எது கிடைத்தாலும் முகர்வார்கள், நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள். ஷீலே இதில் எல்லோருக்கும் மேலே. பாஷாணம், பாதரசம், ஈயம், குளோரின், அழுகிய முட்டை வாயு, எதையும் விட்டுவைக்கவில்லை.

1782-ல் நீல வர்ணம் ஒன்றிலிருந்து ஓர் அமிலத்தைப் பிரித்தார். அதன் வாசனையையும் இனிப்பையும் குறித்துவைத்தார். அது என்ன தெரியுமா? சயனைடு விஷத்தின் அமிலம்! அன்றைக்கு அவர் பிழைத்தது ஆச்சரியம்.

ஒரே நாளில் கொல்லும் விஷத்திலிருந்து தப்பலாம். தினம் கொஞ்சம், தினம் கொஞ்சம் என்று சேருவதிலிருந்து தப்புவது கடினம். மருந்துக் கலவையில் இருபது வருஷம் வேலை பார்த்தவருக்கு யாரும் இதை எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. இன்றைக்கு மூக்குக் கவசம் இருக்கிறது, கையுறை இருக்கிறது, ரத்தப் பரிசோதனை இருக்கிறது. ஷீலேக்கு அவை ஒன்றும் இல்லை.

1785 இலையுதிர் காலத்தில் உடம்பு விட்டுக்கொடுத்தது. சிறுநீரகம் பழுதாயிற்று. தோலில் நோய் கண்டது. மூட்டுகள் வீங்கின. அந்த நிலையிலும் அடுப்பருகே உட்கார்ந்து வேலை பார்த்தார். குளிர்காலம் போய் வசந்தம் வந்தது. படுக்கையை விட்டு எழ முடியவில்லை.

பத்து வருஷத்துக்கு மேலாக ஒரே வீட்டில் கடையைக் கவனித்துவந்த சாரா அம்மையாரைக் கல்யாணம் செய்துகொள்ள அவருக்கு ஆசை இருந்தது. கடன் தீரட்டும், கடை தலை நிமிரட்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இனித் தள்ள நாள் இல்லை என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

1786 மே 19-ந் தேதி பாதிரியாரை அழைத்தார்கள். படுக்கையிலேயே கல்யாணம் நடந்தது. இரண்டு நாள் கழித்து, மே 21-ந் தேதி, ஷீலே காலமானார். அப்போது அவருக்கு வயது 43.

கோப்பிங்கிலேயே அவரை அடக்கம் செய்தார்கள். மனைவி என்ற உரிமையில் மருந்துக்கடை மறுபடியும் சாரா அம்மையாரையே சேர்ந்தது.